பறவையைத் துடைக்காதே!

"ஐயோ... போச்சே! பறந்து போச்சே!"

காலை நேரத்து அலறல். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் காபி டம்ளர்கள் அப்படியே நின்றன.

ராமசுப்ரமணியன் தன் பழைய காரின் பானெட்டில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். அதன் மூக்கில் சிறகு விரித்து நின்ற இரும்புப் பறவையைக் காணோம்! அது இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள்தான் மிச்சம்.

இன்னும் சற்று நேரத்தில் விண்டேஜ் கார் ராலி. பறவை இல்லையென்றால் கோப்பை இல்லை. கோப்பை இல்லையென்றால் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று எதிர்வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சத்தியதாஸ் ஜீப்பில் வந்தார். தெருமுனையில் எஞ்சின் நின்றுவிட, மிச்ச தூரம் கான்ஸ்டபிள்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஆரு மேலயாவது சம்சயம் உண்டா, சாமி?"

"சம்சயமா? சாட்சாத் அவன்தான்! சாலைக் கடைத்தெருவுல பாத்திரக் கடை வெச்சிருக்கானே, வேதமாணிக்கம்! முன்னே ஒரு ராலில அவன் கார்ப் பறவை தொலைஞ்சு போச்சு. அதான் என்னோடதுல கண்ணு!"

வேதமாணிக்கம் கொண்டுவரப்பட்டார். மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சாரே, எனக்க பறவை கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது! இந்தத் துருப்பிடிச்ச சனியன எவன் எடுப்பான்?"

"துருதான்யா பழமைக்கு சர்டிபிகேட்!" சீறினார் ராமசுப்ரமணியன். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதோட வயித்துல சந்தனம் குங்குமம் அப்புவேன். ஒருத்தரையும் துடைக்க விட்டதில்லை!"

"ஷெரி... வேதமாணிக்கம், ஜீப்பில ஏறும்."

"ஐயோ சாரே! சாலையில நான் எப்படித் தலை காட்டுவேன்?"

அப்போது...

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம். உய்ய்ய்ங்...!

சத்தியதாஸின் கை துப்பாக்கிக்குப் போனது.

"உள்ளே ஆரு?"

"ஒருத்தருமில்லை! ஆத்துக்காரி கோவிலுக்குன்னா போயிருக்கா!"

சத்தம் நின்றது. காலடி ஓசை... நெருங்கியது... கதவு படாரென்று திறந்தது!

அனந்தலக்ஷ்மி! வலது கையில் ஹேர் டிரையர். இடது கையில் தகதகவென்று ஒரு பறவை!

"ஏன்னா... சர்ப்ரைஸ்! கோவிலுக்குன்னு பொய் சொல்லிட்டுப் பின்கட்டுலதான் இருந்தேன்! ராலிக்கு அந்தத் துருவோடயா போறது? நேத்தே கழட்டிப் புளித்தண்ணில ஊறப்போட்டேன். சிறகு மெலிசு, கம்பி நார் போட்டா கீறிடும். பழைய டூத் பிரஷ்ஷால பதமா தேய்ச்சேன். ஈரம் நின்னா மறுபடி துரு ஏறும்னு காய வெச்சு, மெழுகும் பூசியாச்சு!"

ராமசுப்ரமணியனின் முகம் பறவையைவிட அதிகமாக வெளுத்தது.

"சாமி, இது உங்களோடதுதானா? நல்லா பாத்துச் சொல்லணும்."

தெருவே பார்த்தது. ராமசுப்ரமணியனின் கண்ணுக்குள் கோப்பை ஆடியது. ஆசை யாரை விட்டது?

"என்னோடதேதான்! பத்மநாபசுவாமி சத்தியமா என்னோடது! இங்க குடுடி, நானே மாட்டிக்கறேன்!"

"இருங்கோன்னா. குங்குமம் கரைஞ்சதும் வயித்துல புள்ளி புள்ளியா ஏதோ எழுத்து தெரிஞ்சுது. கண்ணாடி போட்டுண்டு படிக்கறேன்... வே... த... மா... ணிக்... கம்... சாலை."



"எங்க கடையில கரண்டிக்கே பேரு வெட்டாம விடமாட்டோம்!" வேதமாணிக்கத்தின் குரல் உடைந்தது. "பறவைய விடுவனா சாரே? அப்பா வாங்கித் தந்தது!"

"அப்போ சாமி, குங்குமம் பக்திக்கு இல்ல, அல்லே?"

ராமசுப்ரமணியன் மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார்.

"பாவி! உப்புத்தண்ணில ஊறப்போட்டுப் பாடுபட்டு ஏத்தின துருடி அது! ஒரே ராத்திரில எடுத்துட்டியே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். அனந்தலக்ஷ்மி பறவையை வேதமாணிக்கத்தின் கையில் வைத்துவிட்டு, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"சார்... ராலி..." முனகினார் ராமசுப்ரமணியன்.

சத்தியதாஸ் ஜீப்பைக் காட்டினார்.

"விஷமிக்கண்டா சாமி, கவலையே வேண்டாம்... இதுவும் விண்டேஜ்தான். பின்னால போய் நல்லா தள்ளுங்க, ஸ்டார்ட் ஆனதும் ஏறிக்கலாம்!"