நான்கு குரல், நான்கு தாள்

அம்ப்ரோஸ் டல்லி பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். ஆனால் ஆல்டர்விக்கில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் காவல் நிலையத்துக்குப் போகும் முன் அவரிடம்தான் வருவார்கள். அன்று காலை வந்தவள் ஹெஸ்டர் வின்யார்டு. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும் சார். இல்லேன்னா அடுத்த வாரப் பாட்டுப் போட்டியிலேருந்து என் பாட்டை எடுத்துடுவாங்களாம். அப்புறம் இந்த ஊர்ல நான் திருடிதான்."

போட்டிக் குழுவுக்கு வந்த மொட்டைக் கடிதத்தை நீட்டினாள். எல்லாம் கொட்டை எழுத்து.

'இந்தப் பாட்டு ஹெஸ்டருடையதல்ல. காலமான அவளுடைய ஆசிரியர் இசையமைத்தது. அவர் கைப்பட எழுதிய முழுப் பிரதியை நான் பார்த்திருக்கிறேன். "குயில் போன பின்னும் கிளை ஆடுகிறது, தோட்டத்தில் என் பெயர் கேட்கிறது" என்று தொடங்கும்.'

டல்லி இரண்டு முறை படித்தார். "அந்தக் கவிதையை நீங்க ஒருதரம் சொல்லுங்க."

"குயில் போன பின்னும் கிளை ஆடுகிறது, யாருமில்லாத தோட்டத்தில் என் பெயர் கேட்கிறது. கவிதை பழைய பத்திரிகை ஒண்ணுல கிடைச்சுது; இசை மட்டும்தான் என்னுது. எழுதினவங்க பேர்கூட அதுல இல்ல."

"பாடறவங்ககிட்ட என்ன குடுத்தீங்க?"

"நாலு பேருக்கும் அவங்கவங்க குரல் மட்டும் தனித்தாள்ல எழுதிக் குடுத்தேன். தனித்தனியாத்தான் சொல்லியும் குடுத்தேன். இனிமேதான் சேர்ந்து பாடணும்."

டல்லியின் நண்பர், தபால்காரர் ஹாப்டே பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? மேல்குரல் பாடற த்ரப் அம்மாதான். இவங்க பாட்டைத் தேர்ந்தெடுத்த அன்னிக்கு, ரொட்டிக்கடையில நின்னு அரைமணி நேரம் பொருமினாங்களே."

"பொருமறவங்க மொட்டைக் கடிதாசு எழுத மாட்டாங்க, ஹாப்டே. பொருமியே தீர்த்துக்குவாங்க."

பன்னிரண்டு மணிக்கு நால்வரும் தேவாலயக் கூடத்தில் கூடினார்கள். மேல்குரல் பாடும் திருமதி த்ரப், அடுத்த குரலுக்கு மிஸ் ஆட்லி, ஆண்களில் உயர்ந்த குரலுக்கு மருந்துக்கடை பிம், கீழ்க்குரலுக்கு ஹெஸ்டரின் கணவர் எட்மண்ட். எட்மண்ட் அந்தத் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பவர்.

"என்னைத்தானே சந்தேகப்படறீங்க?" என்றாள் திருமதி த்ரப். "எனக்கு வயித்தெரிச்சல்தான். அதை நான் ஒளிச்சதே இல்லையே."

"ஊருக்கே தெரியும்மா," என்றார் பிம்.

டல்லி நான்கு தாள்களையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார்.

"கடிதாசுல ரெண்டாவது வரியில 'யாருமில்லாத'ங்கிற வார்த்தை இல்ல. பத்திரிகையில இருக்கு. நாலு குரலும் சேர்ந்த முழுப் பிரதியில இருக்கு. மூணு தாள்லயும் இருக்கு. ஒரே ஒரு தாள்லதான் அந்த இடம் காலியா இருக்கு."

"கீழ்க்குரல்," என்றாள் ஹெஸ்டர், மிக மெதுவாக. "அந்த வார்த்தை வர்ற ரெண்டு நொடியும் கீழ்க்குரலை நிறுத்தியிருந்தேன். யாருமில்லைங்கறப்போ, கால் வைக்கத் தரையே இல்லாத மாதிரி கேக்கணும்னு."

"அப்ப ஆசிரியரோட முழுப் பிரதியைப் பார்த்தேன்னது பொய். நீங்க எழுதிக் குடுத்த கீழ்க்குரல் தாளைப் பார்த்துத்தான் கடிதாசு எழுதியிருக்கு. குழுவுக்கு இது போதும்."

ஹாப்டே எட்மண்டின் பக்கம் திரும்பினார்.

எட்மண்ட் மறுக்கவில்லை. "முழுப் பிரதி பத்து நாளா நம்ம பியானோ மேலதான் திறந்து கிடந்துது, ஹெஸ்டர். ஒருதரம் புரட்டியிருந்தா மாட்டியிருக்க மாட்டேன். என்னால அதைப் பார்க்க முடியல. நான் முப்பது பாட்டு எழுதினேன். ஒண்ணையாவது யாராவது பாடினாங்களா? நீ எழுதினது ஒண்ணே ஒண்ணு. சுவருக்கு அந்தப் பக்கம் நீ வாசிச்சுப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"இதுல இருக்கிற உயிர் என் முப்பதுலயும் இல்லேன்னு."

 

"குழுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள் ஹெஸ்டர். "ரெண்டு மணிக்குள்ள."

எட்மண்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்றார். "கீழ்க்குரலுக்கு வேற ஆள் பார்த்துப்ப, இல்லையா?"

"இல்ல. நீங்கதான் பாடணும். மத்த மூணு பேரும் அந்த வார்த்தையைப் பாடறப்போ, ஊர் முன்னாடி வாயை மூடிக்கிட்டு நின்னு கேக்கணும்."