"அந்தக் கேன்ல இன்னா இருக்கு?"

"மீனுங்க... மீன் அமிலம். நெல்லுக்குத் தெளிக்கறது..."

"மீனா? எந்த ஊரு மீனுங்க வெல்லம் புளிச்ச வாடை அடிக்கும்? என்..."

"வெல்லம் போட்டுத்தாங்க ஊற வைக்கணும், நாப்பது நாளு..."

"ஆங்... சாராய ஊறல்! நீங்களே ஒத்துக்கறீங்க!"

"ஐயோ, அந்த ஊறல் இல்லிங்க, நான் சொல்ல வந்தது..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். என் யூனிபாரத்தப் பாருங்க. எனக்கும் மூக்கு இருக்கு!"

திருபுவனை பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரையில் மழை தடதடவென்று கொட்டியது. ஒதுங்க வந்தவனின் பைக்கில் மூன்று வெள்ளைக் கேன்கள். அதில் ஒன்றின் மூடிதான் பொங்கிய வேகத்தில் பட்டென்று தெறித்து, பிரியதர்ஷினியின் தோளிலிருந்து துப்பட்டா நுனி வரை பழுப்பாக அபிஷேகம் செய்துவிட்டது.

வாயைத் திறந்த அவன் திறந்தபடியே நின்றான். புருவத்திலிருந்து மழைத்துளி சொட்ட, அவள் கண்களையே பார்த்துக்கொண்டு...

'இன்னா இவன், திருட்டு முழி முழிக்கிறான்?' என்று நினைத்தாள். நெஞ்சு ஏனோ ஒரு துடிப்பு கூடுதலாகத் துடித்தது. கோபம்தான்... வேறென்ன?

மழை விட்டதும் பைக் விழுப்புரம் பக்கம் திரும்பியது. மாநில எல்லையோரத்து ஊர்களில் கேனும் பைக்கும் அந்தப் பக்கம் போனால் அர்த்தம் ஒன்றுதான். போனைத் தூக்கினாள். வீடியோ எடுத்தாள். "பட்டப்பகல்ல சாராயக் கடத்தலா? வண்டி நம்பரப் பாருங்க மக்களே!" என்று பேசி, அதையே கீழே எழுதி, 'வில்லியனூர் விழிகள்' குரூப்பில் போட்டுவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கியும் போனாள்.

நாலாம் நாள் மாலை. ஷிப்டு முடிந்து வந்தால் அதே பஸ் ஸ்டாப், அதே பைக். கேன் இல்லை.

"இது உங்க குரல்தானே?" போனை நீட்டினான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள்.

"ஆ... ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"எம்பேரு புகழ்வேந்தன். கரியமாணிக்கம். பேருல புகழ் இருக்குது பாருங்க, அது நாலே நாள்ல நாறிப் போச்சுங்க."

"நான் ஒண்ணும் சாராயம்னு சொல்லல. சாராயமான்னுதான் கேட்டேன். கேள்விக்குறி போட்டிருந்தேனே!"

"போட்டீங்க. ஆறு குரூப் தாண்டினதுல கேள்விக்குறி எங்கியோ கழண்டு வுழுந்துடுச்சுங்க."

சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள். அடுத்து அவன் சொன்னதில் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"என் தங்கச்சி ஜெயசுதாவுக்கு அபிஷேகப்பாக்கத்துல சம்பந்தம் பேசி முடிச்சிருந்தோம். மாப்பிள்ளைக்கு அப்பா, சிங்காரவேலு மாமா... 'சாராயக்காரன் வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்'னு முந்தாநேத்து சொல்லி அனுப்பிட்டாரு. அது ரெண்டு நாளா சாப்புடல."

"நா... நான் அழிச்சுடறேன். தோ, இப்பவே."

"உங்க போன்ல அழிப்பீங்க. அவரு போன்ல?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"கம்பெனில உங்களுக்கு இன்னா வேலைங்க?"

"குவாலிட்டி செக்."

"ஓ..." என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு 'ஓ'வுக்குப் பதில் அவன் அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

பஸ்ஸில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பெட்டியைக் குலுக்கிப் பார்க்காமல், திருப்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்ட விடமாட்டாள். லைனில் அவளுக்கு 'கறார் தர்ஷினி' என்றே பெயர். ஒரு மனுஷனை மட்டும் குலுக்கியும் பார்க்காமல் ஊருக்கே அனுப்பிவிட்டாளே...

"தப்பு என்னுதுன்னு வீடியோ போட்டா ஊரே சிரிக்கும்டி! உன் மூஞ்சி தெரியணுமா அதுல?" என்றாள் வீட்டில் அம்மா, ஜெபமாலை உருட்டுவது போல அதையே திருப்பித் திருப்பி.

"அவர் வண்டி நம்பர் தெரிஞ்சுதும்மா. என் மூஞ்சி தெரிஞ்சா இன்னா?"

போட்டாள். முகம் தெரிய, பேர் சொல்லி. "நான் பிரியதர்ஷினி. போன வாரம் நான் போட்ட வீடியோ பொய். அந்தக் கேன்ல இருந்தது நெல்லுக்குத் தெளிக்கற மீன் அமிலம். கேக்காம போட்டது என் தப்பு. யாருக்கு அனுப்பினீங்களோ, அவங்களுக்கு இதையும் அனுப்புங்க."

பழைய வீடியோ ஊரெல்லாம் ஓடியது. இதற்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அவனுக்காக அவளே காத்திருந்தாள்.

"பாத்தேங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றான், தரையைப் பார்த்து.

"மனசு கெடக்கட்டும். சிங்காரவேலு மாமா வூட்டுக்கு வழி தெரியுமா?"

"நீங்க எதுக்குங்க..."

"போட்டது நான். எடுக்கறதும் நான்தான். வடிகட்டாத கேன் ஒண்ணு எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில போறோம்."

"போறோம்... மா?"

"ஏன், உங்க வண்டி என்னை ஏத்தாதா?"

ஏற்றியது. நடுவில் கேன், அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் கேனைக் கட்டிப்பிடித்தபடி அவள். பாகூர் பக்கம் திரும்பியதும் பச்சை வயலெல்லாம் தூறலில் சிலிர்த்தது. கண்ணாடியில் அவன் கண்கள் அவளைத் தேடின... அவள் பார்த்ததும் சட்டென்று ரோட்டுக்கு ஓடின.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"ரோடும் பாக்கறேங்க."

சிங்காரவேலு முழங்கால் சேற்றோடு வயலிலிருந்து வந்தார். புகழ்வேந்தனைக் கண்டதும் முகம் கடுத்தது.

"எதுக்குடா வந்த?"

"அவர நான்தான் கூட்டியாந்தேங்க" என்று முன்னால் வந்தாள். "அந்த வீடியோல பேசினது நான். பாக்காம, கேக்காம பேசினேன். தோ, இந்தக் கேன்தான். நீங்களே பாருங்க."

"யாரு சொல்லிக் குடுத்து வந்தே?"

"எனக்கு நானேங்க."

உள்ளிருந்து வந்த அவர் மனைவி கஸ்தூரி, பேச்செல்லாம் எதற்கு என்பது போலக் கேனை வாங்கி வாளியில் சாய்த்தாள். பழுப்புத் தண்ணீரோடு பொலபொலவென்று விழுந்தன எலும்புகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எந்தக் கடைல மாமோய், சாராயத்துல மத்தி முள்ளு போட்டு விக்கறான்? நீ குடிச்சிருக்கியா?"

சிங்காரவேலு அசடு வழிந்தார். பிறகு சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"வந்தத நானும் நாலு பேருக்கு அனுப்பிட்டேம்மா. என் தங்கச்சி வூடு, என் மச்சான் வூடு... அந்த நாலு வூட்டுக்கும் நான்தானே போய் சொல்லணும்?" அவனிடம் திரும்பினார். "டேய் புகழு... அடுத்த ஞாயிறு பூ வெக்க வரோம்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு. மொதல்ல அத சாப்புடச் சொல்லு."

திரும்பும் வழியில் டீக்கடையோரம் நிறுத்தி, தங்கைக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் அவள் அழுதது தர்ஷினிக்கே கேட்டது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

அவளுடைய போன் துள்ளியது. ஒரு முறை... நாலு முறை...

'வில்லியனூர் விழிகள்'. யாரோ எடுத்த படம். பைக், நடுவில் கேன், கண்ணாடியில் இரண்டு முகங்கள். கீழே: "தர்ஷினியும் கரியமாணிக்கம் புகழும் லவ்வாம்!"

எட்டிப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

"ஐயையோ... என்னாலதாங்க. உங்க வூட்ல இன்னா நெனைப்பாங்க? நான் ஒரு மறுப்பு போடச் சொல்றேங்க... சும்மா துணைக்கு வந்தாங்க, வேற ஒண்ணும் இல்லன்னு... இப்பவே..."

தூறல் வலுத்தது. அவள் ஒதுங்கவில்லை. அந்த நனைந்த இமைகளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"மறுப்புதானே... போட்டுடலாங்க. ஆனா கேக்காம எதையும் போடறதில்லன்னு இருக்கேன் இப்போ... அதனால, என் கண்ணப் பாத்து, அது பொய்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்."