ஆறு கவர்களும் ஓர் இன்ஜினும்

பொறுமணி என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. எதற்கெடுத்தாலும் "பொறுங்க, பொறுங்க" என்று சொல்வதால் அப்பா வைத்த பட்டப்பெயர் அது. வயது பத்து.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. அம்மா நர்ஸ். நடக்க முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். அதற்காகவே ஒரு பழைய நீலநிறக் கார் வைத்திருந்தார்.

அன்று காலை அம்மா இரவு வேலை முடிந்து வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ஒரு வாரமா வண்டியில எண்ணெய் கருகுற வாடை வருது. எங்க கசியுதுன்னு பார்த்தா, உள்ள ஒரே அழுக்கு, ஒண்ணும் தெரியல. நாலு மணிக்கு மலைமேல ஒரு பெரியவருக்குக் கட்டு மாத்தப் போகணும். நடுவழியில நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அப்பா உடனே காரின் முன்மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அப்பிக் கிடந்தன. "அம்மா எழுந்திருக்கிறதுக்குள்ள கழுவிடலாம்" என்று தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார்.

"பொறுங்கப்பா! அனல் அடிக்குது பாருங்க. போன வாரம் சூடான கண்ணாடி டம்ளரைத் தண்ணியில காட்டினேனே, என்ன ஆச்சு?"

"ரெண்டா போச்சு."

"இதுவும் சூடாதானே இருக்கு?"

அப்பா குழாயைத் திருகி மூடினார்.

இன்ஜின் ஆறும்வரை பொறுமணி சும்மா இருக்கவில்லை. காரோடு வந்த கையேட்டை எடுத்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு பெயிண்டர் மாமா, சுவர் கழுவும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"எதுக்கு இவ்வளவு யோசனை? இதால ஒரே அடி! சுவரே பளபளன்னு ஆயிடும்."

"சுவர் ஸ்டார்ட் ஆக வேண்டியதில்லையே மாமா! இதுல வயர் எல்லாம் இருக்கு. வேகமா தண்ணி அடிச்சா உள்ள போயிடும்னு இந்தப் புத்தகத்துல போட்டிருக்கு."

மாமா இயந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

இன்ஜின் நன்றாக ஆறியது. புத்தகத்தில் சொன்னபடி அப்பா பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினார். தைத்த சட்டைகளைப் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவர்கள் கடையில் நிறைய இருந்தன. நனையக் கூடாத இடங்களையெல்லாம் அவற்றால் மூடி, எலாஸ்டிக் நாடாவால் கட்டினார்கள். பேட்டரிக்கு ஒன்று, ஃப்யூஸ் பெட்டிக்கு ஒன்று, காற்று போகும் குழாய்க்கு ஒன்று என்று மொத்தம் ஆறு.

"இன்ஜினுக்கே சட்டை தைச்ச மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

கையுறை போட்டுக்கொண்டார்கள். காய்ந்த இலைகளைப் பொறுக்கினார்கள். சோப்பு நுரையில் பிரஷ்ஷைத் தோய்த்து மெதுவாகத் தேய்த்தார்கள். ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார்கள். அழுக்குக்கு அடியிலிருந்து வெள்ளி நிறக் குழாய்களும் சிவப்பு மூடிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இவ்வளவு அழகான ஒன்று இத்தனை நாள் அம்மாவைச் சுமந்து போயிருக்கிறதா! பொறுமணி கண் கொட்டாமல் பார்த்தாள்.

வெயிலில் எல்லாம் காய்ந்தது. அப்பா கவர்களைக் கழற்றிக் கீழே போட்டார், வயரை மாட்டினார், சாவியோடு காருக்குள் ஏறினார். பொறுமணி கவர்களை எண்ணினாள். ஐந்துதான் இருந்தன.

"அப்பா, சாவியைத் திருப்பாதீங்க! ஒண்ணு குறையுது!"

"காத்துல பறந்திருக்கும்மா. மணி மூணு ஆச்சு."

"பார்த்துட்டுத் திருப்புங்க."

பெயிண்டர் மாமா ஓடிப் போய் டார்ச் எடுத்து வந்தார். மூவரும் குனிந்து தேடினார்கள். ஆறாவது கவர் நழுவி, இன்ஜினைச் சுற்றி ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் சிக்கியிருந்தது. வண்டி ஓடியிருந்தால் அதைச் சுருட்டி உள்ளே இழுத்திருக்கும்.

அப்பா கையை விட்டு அதை மெல்ல இழுத்து எடுத்தார். அவள் தலையில் கை வைத்தார். கையில் ஒட்டியிருந்த கறுப்பு எண்ணெயெல்லாம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா, திறந்த காரின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். சட்டென்று குனிந்தார்.

"அட, இதோ! எண்ணெய் ஊத்துற மூடியில ரப்பர் கிழிஞ்சிருக்கு. இத்தனை நாளா அழுக்குக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கு பாருங்க!"

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் கிழிந்த ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு, இன்ஜினை மேலும் கீழும் பார்த்தார். "யாரு கழுவினது? ஒரு வயர் கூட நனையலையே! நான்கூட இவ்வளவு நிதானமா செய்யமாட்டேன்."

பெயிண்டர் மாமா முன்னால் வந்தார். "எங்க பொறுமணிதான்!" என்று, தானே கழுவியதுபோல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

அம்மா மகளைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையின் கதவைத் திறந்து விட்டார்.

"ஏறி உட்காரு. இன்னைக்கு நீ ஸ்டார்ட் பண்ணு."

அம்மா பக்கத்து இருக்கையில் ஏறி, கியரைச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தார். பொறுமணி இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் கிளம்பி, சீராக ஓடத் தொடங்கியது.