துரோகி மேடு

கல்யாணம் பேசப் போகிறவர்கள் முதலில் துப்ப வேண்டும். ஆனைக்கரடு கோட்டை வாசலில் அதற்கென்றே ஒரு பித்தளைக் கிண்ணம் நெஞ்சுயரத் தூணில் பொருத்தப்பட்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மாசிலாமணி காறித் துப்பினார். பெண்ணின் அப்பா திருமேனிநாதன், தாம் ஒன்றும் இளைத்தவர் அல்ல என்று காட்ட இரண்டு முறை துப்பினார். கிண்ணம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "வருக, அரச குலத்தோரே!" என்றது.

பெண்கள் துப்ப வேண்டியதில்லை. வம்சம் அப்பன் வழியில் மட்டுமே வரும் என்பது அந்தக் காலத்து அறிவியல். மரபணுவை நூல் நூலாகப் பிரித்துப் படிக்கும் கருவி வந்த பிறகும் அந்த அறிவியல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அதனால் பெண்ணின் அம்மா அங்கயற்கண்ணி கைப்பையை அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மகள் இசைமதி அவளுக்குப் பக்கத்தில் நின்று, மாப்பிள்ளைப் பையன் அதிரனைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் நிலாச் சுரங்கத்தில் ஒரே குடியிருப்பில் வேலை செய்கிறவர்கள். அங்கே குடிக்கிற தண்ணீரைக்கூடப் பாதிப் பாதியாகப் பகிர்ந்தவர்கள். தாலி கட்ட மட்டும் பூமிக்கு வந்து, முன்னோர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஜாதகம் பார்க்கும் வழக்கம் போய் அப்போது 'கோட்டை பார்த்தல்' வந்திருந்தது. இரு வீட்டாரும் சேர்ந்து கோட்டையைத் தனிச்சுற்றாகச் சுற்றிப் பார்ப்பார்கள். எவர் முன்னோர் அங்கே என்னவாக இருந்தார் என்று வழிச்சொல்லி இயந்திரம் சொல்லும். இரு பக்கமும் திருப்தியென்றால் தட்டு மாற்றுவார்கள். வண்டியின் பின்கண்ணாடியில் 'ஆண்ட பரம்பரை' என்று ஒட்டிக்கொண்டு திரிந்த ஆதிகாலத்திலேயே இதற்கு வித்து விழுந்துவிட்டது. கடன் வாங்கி வண்டி ஓட்டியவர்களெல்லாம் ஆண்டவர்களாக இருந்தபோது, ஆளப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கோடையில், வரலாறு சொன்னதற்காக நூலகங்களும் பேருந்துகளும் எரிந்தன. அதன் பலனாகப் புண்படாச் சட்டம் பிறந்தது. வரலாறு சொல்லும் எந்த இயந்திரமும் எதிரில் நிற்பவர் மனத்தைப் புண்படுத்தக் கூடாது. ஆகவே வழிச்சொல்லி எச்சிலைப் படித்து, ஆளுக்குத் தக்கபடி வரலாற்றைத் தைத்துக் கொடுத்தது. ஒரு குடும்பம் மட்டும் வந்தால் சிக்கலே இல்லை. இரண்டு குடும்பம் வந்தால்தான் தலைவலி. இருப்பது ஒரே சிம்மாசனம்.

இசைமதிக்கு ஏற்கனவே இரண்டு இடங்கள் இந்தக் கோட்டையில்தான் தட்டிப் போயின. முதல் இடத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேனாதிபதி பதவிதான் கிடைத்தது. கை நனைக்காமல் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவதில் திருமேனிநாதனுக்கு மந்திரி பதவி. "நான் என்ன, கணக்கு எழுதவா பொறந்தேன்?" என்று அவரே எழுந்து வந்துவிட்டார். அந்த வாரமே அவள் நிலாவுக்கு விண்ணப்பம் போட்டாள். இந்த முறை இறங்கி வந்ததும் அம்மாவிடம் ஒன்றைத்தான் சொன்னாள்: "இதையும் கெடுத்தீங்கன்னா நான் திரும்பி வரவே மாட்டேம்மா." நிலாவிலேயே தங்கிவிடுகிறவர்களின் எலும்பு இளகிவிடும். பிறகு அவர்கள் நினைத்தாலும் பூமியில் கால் ஊன்ற முடியாது. அங்கயற்கண்ணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வழிச்சொல்லி மூன்று சக்கரத்தில் உருண்டு முன்னால் சென்றது. அதன் குரல் காதுக்குப் பின்னால் பதித்திருந்த செவிமணியில் ஒலித்தது. ஐந்து பேருக்கும் சேர்த்தும் பேசும், வேண்டினால் ஒருவரிடம் மட்டும் தனியாகவும் பேசும்.

வடக்கு வாசலைக் கடக்கும்போது அங்கயற்கண்ணியின் கால் தயங்கியது. சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு இங்கே நின்றிருக்கிறாள். 'இந்த வாசலில்தான் உங்கள் முன்னோன் மருதன் தனி ஆளாக நின்று எதிரிப் படையைத் தடுத்தான்' என்று வழிச்சொல்லி சொன்னபோது, அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒரு கொசுவலைக் கடைக்காரர். ஊரில் நாலு பேர் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தச் சுற்றின் முடிவில் கொடுத்த வம்சப் பட்டயத்தைக் கடைசி மூச்சு வரைக்கும் கட்டிலுக்கு நேரே மாட்டி வைத்திருந்தார். சுற்று முடிந்ததும் துரோகி மேட்டில் கல் எறிய வேண்டும் என்பது வழக்கம். அவளும் எறிந்தாள். சுரங்கப் பாதை வழியே தப்பியோடிய கோழை அரசன் வயிரமேகன்தான் அன்றைய துரோகி. அப்போது மேடு அவள் முழங்கால் உயரம் இருந்தது.

வயிரமேகன் தன் கணவனின் மூதாதை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மாமனார் வீட்டுப் பட்டயத்தில் அவன் மாவீரன். எது மெய் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் குடும்பம் நடத்தியிருக்க முடியாது.

சிம்மாசன மேடையில், பயந்தது நடந்தது. "இங்கேதான் அரசர் வீற்றிருந்தார்" என்று சொன்ன வழிச்சொல்லி, அதற்கு மேல் பேசாமல் நின்றுவிட்டது. நெற்றி விளக்கு மட்டும் மினுக்கியது.

"எந்த அரசர்? பேரச் சொல்லு" என்றார் மாசிலாமணி.

"வரலாற்றை ஒருமைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். பொறுத்தருள்க."

"இதுல என்ன ஒருமை வேண்டிக்கிடக்கு? எங்க வயிரமேகன்தான்" என்றார் திருமேனிநாதன்.

"உங்க வயிரமேகனா? எங்க பட்டயத்துல அவரு எங்க பாட்டனாருங்க."

"அப்ப எங்க பட்டயம் பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லல. நீங்களா சொல்லிக்கிறீங்க."

இசைமதி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நிலா தெரிந்தது. அங்கயற்கண்ணி மெல்ல நழுவி, மேடைக்குப் பின்னால் இருந்த வறண்ட கிணற்றோரம் போய் நின்றாள். உண்மையின் ஒரு துண்டாவது கையில் கிடைத்தால், இந்த இரண்டு ஆம்பளைகளையும் அதை வைத்தே அமர்த்திவிடலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"இங்க நெசமா என்னதான் நடந்துச்சு? உனக்காவது தெரியுமா?" என்று முணுமுணுத்தாள்.

"தெரியும், அம்மா" என்றது செவிமணி, அவளுக்கு மட்டும். "ஆனால் உண்மைப் பதிவைத் திறக்க, கேட்பவர் புண்படச் சம்மதிக்க வேண்டும். சம்மதமா?"

இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சம்மதம்" என்றாள்.

"இது நெல் சேர்த்து வைக்கக் கட்டிய இடம். கள்வர் பயத்துக்காக மதில் எழுப்பினார்கள். இங்கே போர் நடக்கவில்லை. அரசர் எவரும் வந்ததற்கு ஆதாரம் இல்லை. மழை பொய்த்தது, இந்தக் கிணறு வற்றியது, எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிணறு தோண்டியபோது அள்ளிப் போட்ட மண்தான் துரோகி மேடு."

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

"அப்ப மருதன்?"

"உங்கள் அப்பாவின் சுற்றுக்கு முன்பு அந்தப் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அன்று உங்களோடு சேர்ந்து சுற்றிய இன்னொரு குடும்பம் வேறோர் அரசனின் பெயரில் சிம்மாசனத்தைப் பெற்றுவிட்டது. வாசல் காலியாக இருந்தது. உங்கள் அப்பா மிகவும் மகிழ்ந்தார்."

அந்த மனிதர் சாகும்போதுகூடப் பட்டயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கொண்டுபோய் அந்த இருவரிடம் சொன்னால் சமாதானமா வரும்? இரண்டு பேரும் சேர்ந்து வழக்குப் போடுவார்கள். உண்மை சல்லிக்காசு பெறாது என்று தெரிந்துகொண்டு அவள் மேடைக்குத் திரும்பினாள்.

அங்கே வழிச்சொல்லிக்கு உயிர் வந்திருந்தது. "அரசர் ஒருவர் அல்லர், இருவர்! வயிரமேகனும் அவன் உடன்பிறந்த தம்பியும் ஒரே சிம்மாசனத்தில் சரிபாதியாக அமர்ந்து ஆண்டார்கள்."

திருமேனிநாதனின் முகம் மலர்ந்தது. மாசிலாமணியின் முகமும் மலரப் போய், பாதியில் சுருங்கியது. "ஏய், நில்லு நில்லு! அண்ணன் தம்பின்னா நாங்க பங்காளியாயிருவோமே! பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறையில்ல வருது?"

"திருத்திக்கொள்கிறேன்" என்றது வழிச்சொல்லி, கூச்சமே இல்லாமல். "அவர்கள் மாமன் மச்சான். ஒருவர் தங்கையை ஒருவர் மணந்தவர்கள்."

"அதான பாத்தேன்" என்று மாசிலாமணி கையை நீட்ட, திருமேனிநாதன் அதைப் பிடித்துக் குலுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் அவரே வாயைக் கொடுத்தார்: "ரெண்டு சிங்கம் இருந்தும் கோட்டை எப்படி விழுந்துச்சு?"

விளக்கு மறுபடி மினுக்கியது. அங்கே இருந்த ஐந்து பேரையும் அது ஒவ்வொருவராக எடைபோடுவது அங்கயற்கண்ணிக்குத் தெரிந்தது.

"துரோகத்தால்" என்றது. "வடக்கு வாசல் காவலன் மருதன், இரவோடிரவாகக் கதவைத் திறந்துவிட்டான்."

"சண்டாளப் பய!" என்றார் மாசிலாமணி.

அங்கயற்கண்ணி கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "ஏய், யாரையும் புண்படுத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆம், அம்மா" என்றது செவிமணி, அவளுக்கு மட்டும். "இங்கே புண்படச் சம்மதம் தந்தவர் நீங்கள் ஒருவரே. அதனால்தான் வழி பிறந்தது. மிக்க நன்றி."

அவள் கணவனைப் பார்த்தாள். மருதன் யார் என்று அவருக்குத் தெரியும். மாமனார் கட்டிலுக்கு எதிரே அந்தப் பட்டயத்தின் கீழ் உட்கார்ந்து எத்தனையோ தீபாவளிக்குச் சாப்பிட்டவர். அவரும் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு துரோகி மேட்டடியில் இருந்த கல் கூடையைப் பார்த்தார்.

மேடு இப்போது பனை உயரம் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு துரோகிக்கு எறிந்த கல். மாசிலாமணி குறி பார்த்து எறிந்தார். அதிரன் எறிந்தான். திருமேனிநாதன் எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். இசைமதியும் எறிந்தாள். யார்மேல் எறிகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா வழித் தாத்தாவின் கதை அந்த வீட்டில் ஒருபோதும் பேச்சில் வந்ததில்லை.

அங்கயற்கண்ணி எடுத்த கல் கனத்தது. ஒரு பக்கம் உளியால் கொத்திச் சமன் செய்திருந்தார்கள். மறுபக்கத்தில் பழைய சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வடக்கு வாசலருகே இரண்டு இயந்திரங்கள் கடப்பாரைக் கையால் மதிலை நெம்பிக் கூடையில் நிரப்பிக்கொண்டிருந்தன.

"என்னங்க, இது கோட்டைக் கல்லுங்க. மதிலப் பேத்துத் தர்றாங்க" என்றாள்.

"இந்தக் கரட்டுக் குன்றில் கல் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. கிழக்கு மதிலும் தெற்கு மதிலும் முடிந்துவிட்டன" என்று வழிச்சொல்லி எல்லோருக்கும் பொதுவாக விளக்கியது.

"அதுக்கென்ன, துரோகிய விட்டுட முடியுமா?" என்றார் மாசிலாமணி. பிறகு கண்ணை இடுக்கினார். "என்ன தங்கச்சி, கை வரலையா? அந்தப் பய உங்களுக்கு வேண்டப்பட்டவனோ?"

எல்லோரும் சிரித்தார்கள். திருமேனிநாதன் சிரித்தபடியே அவள் பக்கம் குனிந்தார். "பேசாம எறி. ஒன் வழியெல்லாம் யாரு கணக்குல எடுத்தா? புள்ள வாழ்க்கை."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கயற்கண்ணிக்குக் கொசுவலைக் கடையும், வேட்டி நுனியால் துடைத்த கண்ணும் ஒரு நொடி முன்னால் வந்து நின்றன. மன்னிச்சுக்கங்கப்பா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எறிந்தாள். கல் நடுமேட்டில் போய் விழுந்தது. மாசிலாமணி கைதட்டினார். அங்கேயே தட்டு மாற்றினார்கள்.

"பட்டயத்துக்கு ஒரு படம் எடுக்கணும். கோட்டை பின்னாடி நல்லாத் தெரியணும்" என்றார் மாசிலாமணி.

"எங்கே நின்றாலும் மதில் இடுப்பளவுக்கு மேல் தெரியாது, ஐயா. மேட்டுக்கு முன்னால் நில்லுங்கள். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்."

நின்றார்கள். மேடு பின்னால் மலைபோல் எழுந்து நின்றது. "பாத்தீங்களா சம்பந்தி, நம்ம கோட்டை எம்புட்டு கம்பீரமா இருக்குன்னு" என்றார் திருமேனிநாதன்.

இசைமதி அம்மாவின் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்மா" என்றாள். அங்கயற்கண்ணி விரலில் ஒட்டியிருந்த காரை அவள் கையிலும் ஒட்டியது.

"பேரப்பிள்ளைகளோடு மீண்டும் வர வேண்டும், அம்மா" என்றது செவிமணி, அவளுக்கு மட்டும்.

"அதுக்குள்ள கோட்டையே தீந்துருமே. அதுங்க எறியக் கல்லுக்கு எங்க போவ?"

"இந்த மேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இதுதான் கோட்டையாகியிருக்கும்."

வழிச்சொல்லி சிரிக்கச் சொன்னது. ஐந்து பேரும் சிரித்தார்கள். படம் நன்றாக வந்தது.