கடைசி வண்டியின் கம்பு

மலை வளைவில் பஸ்ஸை விட்டு நான் இறங்கியது நல்ல பகலில்தான். ஆனாலும் வளைவுக்குள் மூடுபனி அடைத்துக்கொண்டு நின்றது. ஈர மண்ணும் தாரும் கலந்த வாடை. செத்துப்போன ஒருத்தி நின்ற இடத்தில் நிற்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள் என்பதை மேஸ்திரி முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் எவன் வருவான்?

அது மாநில நெடுஞ்சாலை. துறைமுகத்தில் தொடங்கி உப்பளம், செங்கல் சூளைகள், துணிச்சந்தை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு மலைக்கு ஏறும். முதலில் வண்டித்தடமாக இருந்ததாம், அப்புறம் சரளை, அப்புறம் தார். கீழேயிருந்து உப்பு ஏறியது, மேலேயிருந்து மரமும் கல்லும் இறங்கின. உப்பு அள்ளுகிறவனும் கல் உடைக்கிறவனும் சம்பந்தியானது இந்தச் சாலையால்தான். சாலை வேலை நடக்கும் இடத்தில் கொடி காட்டி வண்டிகளை விடுகிற கொடியண்ணன் கடற்கரைக்காரர். அவர் பெண்டாட்டி மலைக்காரி. இருவரும் இதே சாலையில் வேலைக்கு வந்து, இதே சாலையில் பார்த்துப் பழகி, கட்டிக்கொண்டவர்கள்.

வளைவை அகலப்படுத்தப் பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். கீழ் முனையில் கொடியண்ணன், மேல் முனையில் அவர் மனைவி. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் ஒரு கம்பு. கீழேயிருந்து விடும் வரிசையில் கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுப்பார்கள். அது மேலே வந்து சேர்ந்தால் வழி காலி என்று அர்த்தம். பிறகு மேல் பக்கத்து வண்டிகளை விட்டு, அதன் கடைசி வண்டியில் கம்பைத் திருப்பி அனுப்புவார்கள். கம்பு வராமல் வழி திறக்கக் கூடாது.

கம்பின் நுனியில் ஒரு சிவப்புத் துணி. மதியமானால் அந்த அம்மா அதில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவாளாம். ‘சாப்ட்டியா?’ என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு இவர் முடிச்சை அவிழ்த்துத் திருப்பி அனுப்புவார். ஊரே கேலி செய்யுமாம். ஆனால் கம்பைக் கொண்டுபோகும் லாரிக்காரன் ஒருவன்கூட அந்த முடிச்சில் கை வைத்ததில்லை.

ஒரு மழை நாளில், கம்பை வாங்கிய கார்க்காரன் மேலே கொடுக்க மறந்து அப்படியே போய்விட்டான். அவள் காத்துப் பார்த்தாள். கம்பு வரவில்லை. புருஷனுக்கு என்னவோ ஏதோ என்று பதறி வளைவுக்குள் நடந்தாள். மேலே வெட்டிவிட்டிருந்த மண் அவள் மேல் சரிந்தது.

இதையெல்லாம் மேஸ்திரி எனக்குச் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

முதல் நாளே ஒரு லாரிக்காரர் கம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏம்ப்பா, நடுவுல எதுக்கு ஒரு அம்மாவ நிக்க வச்சிருக்கீங்க? கம்பக் குடுன்னு கையை நீட்டுறாங்க.”

நான் சிரித்தேன். அடுத்த முறை கம்போடு வந்த பஸ் டிரைவரும் அதையே சொன்னார்.

“‘கம்பு குடுத்து விட்டாரா?’ன்னு கேட்டாங்க. மேலதான் குடுக்கணும்னுட்டேன்.”

வாங்கினேன். பிடி ஈரமாக இருந்தது.

மழை பெய்யவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவரே ஒரு சாயங்காலம் கேட்டார்.

“அவளப் பார்த்தேன்னு உன்கிட்டயும் சொல்றாங்களா?”

“ஆமாண்ணே.”

“கம்பு வந்தாத்தான் நகரணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான்டா. நாளையோட வேலை முடியுது. ரெண்டு பக்கமும் திறந்துட்டா அப்புறம் கம்பே கிடையாது. அவ எத்தனை காலம் அங்கயே நிப்பா?”

சோறு அவர் தட்டில் ஆறிக்கிடந்தது. அவள் போனதிலிருந்து ஒழுங்காக ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர் விட்ட கடைசி வண்டி ஒரு பால் வேன். பனிக்குள்ளிருந்து அது மெதுவாக வந்து என் முன்னால் நின்றது. டிரைவரின் கை வெறுமையாக இருந்தது. விரல்களில் ஈரச் சேறு.

“நடுவுல ஒரு அம்மா கேட்டா குடுத்துருன்னு கீழ நின்னவர் சொன்னார். கேட்டாங்க.”

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

என் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கம்பில்லாமல் வழி திறக்க முடியாது. உள்ளே யாரும் மாட்டியிருக்கிறார்களா என்று நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். அவளும் இப்படித்தான் நடந்திருப்பாள்.

நடந்தேன்.

ஹாரன் சத்தம் பின்னால் தேய்ந்தது. மேலேயிருந்து பொடிக்கல் உருண்டு விழுந்தது.

முன்னால் காலடிச் சத்தம்.

நான் நின்றேன். அதுவும் நின்றது.

“வாங்கிக்கிட்டாளா?”

கொடியண்ணன். தன் பக்கத்தை அடைத்துவிட்டு, மனம் கேட்காமல் அவரும் நடந்து வந்திருக்கிறார்.

“வாங்கிட்டாங்கண்ணே.”

அவர் புதுத் தாரில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் சுற்றிலும் தேடிப் பார்த்தேன். கம்பு எங்கேயும் இல்லை.

காலையில் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு விடைபெறக் கீழ் முனைக்கு வந்தேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. “போய்ச் சேர்ந்துட்டா” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மலையிலிருந்து முதலாவதாக இறங்கிய லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கம்பை நீட்டினான்.

“மேல கொடி காட்டுற அம்மா குடுக்கச் சொன்னாங்க.”

மேல் முனையில் நின்றுகொண்டிருந்தவன் நான். இப்போது அங்கே யாருமே இல்லை.

லாரி போய்விட்டது. சிவப்புத் துணியில் முடிச்சு. இறுக்கமாக, ஈரம் சொட்டச் சொட்ட.

கொடியண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். சாலையோரக் கொட்டகைக்குள் போனார். தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு முடிச்சை மெல்ல அவிழ்த்தார். பிறகு கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோரம் வந்து நின்றார்.

இரண்டு பக்கமும் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. எதுவும் நிற்கவில்லை.

“சாப்ட்டேன்னு அவளுக்குச் சொல்லணுமே” என்றார். “இதை இனி யார்கிட்டடா குடுத்து அனுப்புவேன்?”