அழிக்க ஒன்றுமில்லாத காட்சி

காலையில் எடுத்த காட்சியில் அழிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

குழந்தைகள் நிகழ்ச்சியின் முயல் பொம்மையை ஆட்டுவது அவள் தம்பி. தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பில் பின்னால் நிற்பான். அவனைப் படம் படமாக அழித்து, அந்த இடத்தில் கணினியில் வரைந்த தோட்டத்தை நிரப்புவது அவள் வேலை. முந்தின நாள்தான் அந்த வேலையைக் கணினியே செய்யும்படி பழக்கியிருந்தாள். முகத்திரை விலகினாலும் அவனை அடையாளம் தெரியட்டும் என்று அவன் இருக்கும் வீட்டுப் புகைப்படங்களையும் கொடுத்திருந்தாள்.

ஆனால் இது கேமராவிலிருந்து நேராக வந்த, கணினி இன்னும் தொடாத காட்சி. தவறான கோப்போ என்று தேதியை, எண்ணை, நேரத்தை இரண்டு முறை சரிபார்த்தாள். முயல் தானாகத் தலையாட்டியது.

தம்பியை அழைத்தாள்.

"எங்கடா இருக்க?"

"கீழதான். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, நான் ஒத்திகை பாத்துட்டு இருக்கேன். என்னக்கா, இன்னைக்கும் தம்பியத் தீத்துக்கட்டியாச்சா?"

"காலையில எடுத்ததுல நீயே இல்லடா."

"இளைச்சுட்டேன்னு சொல்லு." சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "அக்கா, நேத்துலேருந்து கை மரத்துப்போயிருக்கு. இப்ப தோள் வரைக்கும்."

கணினிக்குக் கொடுத்த புகைப்படங்களைத் திறந்தாள். சாய்ந்த சைக்கிள் ஒன்று ஆளில்லாமல் நின்றது. பள்ளிச் சீருடையில் அவள், பக்கத்தில் யாருமில்லாத வெற்றிடத்தின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணினியின் அழிப்பை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

'முடிந்தது' என்றது திரை.

படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். படப்பிடிப்புக் கூடத்தில் சூடேறிய விளக்குகளின் வாடையும் பொம்மை ரோமத்தில் பூசிய பசையின் நெடியும் கலந்து வீசின; எங்கோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றியது. மேஜைமேல் முயல் நின்றது. பின்னால் யாருமில்லை.

"தம்பி?"

முயல் திரும்பியது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவள் அதன் பின்னால் கையை நீட்டினாள்.

துணி தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத துணி. வியர்வையில் நனைந்திருந்தது. பொத்தான்கள். காலர். வெதுவெதுப்பான கழுத்து.

அதற்கு மேல் கை தடையில்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டது.

மறு கைக்கடியில், சட்டைக்குள் அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.