மறுகரையில் வெட்டிய புதர்

காலை மணி ஒன்பது. கால்வாய்க் கரையில் எல்லைக்கல் இருந்த இடத்தில் குழி மட்டும்தான் இருந்தது. பறவை செதுக்கிய பழங்காலத்துக் கல். ஒரு ஆளும் ஒரு தள்ளுவண்டியும் இருந்தால் கொண்டுபோய்விடலாம். கொண்டுபோய்விட்டார்கள்.

குழியைச் சுற்றி நான்கு பேர். ஊர் ஆவணக் காப்பகத்தின் இயக்குநர், இன்ஸ்பெக்டர், காப்பகத்தில் வரைபடம் தயாரிக்கும் பெண், அப்புறம் அவளுடைய மாமியார்.

மாமியாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களைத் துருவி விசாரிக்கும் அதிகாரி. மாமியார் மெச்சிய மருமகள் உண்டா என்பார்கள். இவரும் வாய்விட்டு மெச்சியதில்லைதான். ஆனால் மருமகள்மேல் திருட்டுப் பழி என்றதும் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டார். அவரைப் போகச் சொல்லும் தைரியம் இன்ஸ்பெக்டருக்கு இல்லை. பல வழக்குகளில் அவரிடம் யோசனை கேட்டவர்.

ஊரின் பழைய கட்டடம், கிணறு, பாலம், கல் எல்லாவற்றையும் இணைய வரைபடத்தில் புள்ளிகளாக வைத்திருந்தாள் மருமகள். புள்ளியைத் தொட்டால் படமும் வரலாறும் திறக்கும். மூன்று வருட உழைப்பு. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பொருள்களுக்கு மட்டும் புள்ளியை வேண்டுமென்றே வேறு இடத்தில் வைத்திருந்தாள். இந்தக் கல்லின் புள்ளி எங்கோ ஒரு பூங்காவுக்குள் இருந்தது.

"அப்ப கல்லு நிஜமா எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கும் படம் எடுத்தவருக்கும் சார்."

"அவர் எங்க?"

"ரெண்டு வாரமா வெளிநாட்டுல."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சாயங்காலத்துக்குள்ள கல் கிடைக்கலைன்னா மேலிடத்துல வரைபடத்தை மூடிடச் சொல்றாங்கம்மா. உன் வேலையும்..." முடிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர்.

மருமகள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

மாமியார் அதற்குள் சிறு பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போய்விட்டார். அங்கே மார்பளவுக்குப் புதர். நடுவில் ஓரிடத்தில் மட்டும் புதரை வெட்டித் தள்ளியிருந்தார்கள். மண்ணில் கம்பியால் குத்திப் பார்த்த ஓட்டைகள்.

"திருடன் ஒளிஞ்சிருந்திருப்பான்," என்றார் பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர்.

"ஒளியறவன் புதரை வெட்டுவானா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மாமியார் புகைப்படக்காரருக்குப் போன் போட்டார். "தம்பி, அந்தக் கல்லை எங்க நின்னு எடுத்தீங்க?"

"எதிர்க்கரையில நின்னும்மா. கல் பக்கம் ஒரே சேறு. தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கற லென்ஸ் போட்டேன். படத்துல கல்லைத் தவிர வேற ஒண்ணும் விழாது."

போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "அந்தப் படத்தை அப்படியே போட்டியா?"

"இல்ல அத்தை, எப்பவும் சின்னதாக்கித்தான் போடுவேன்." சற்று யோசித்தாள். "இது மட்டும்... படம் தெளிவா இல்லை, பெரிசாப் போடுங்கன்னு போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார். வரலாற்றுப் பித்தன்னு பேர் போட்டிருந்தார். ஆசையாக் கேக்கறாரேன்னு அசல் படத்தையே போட்டேன். பக்கம் திறக்க நேரமாச்சு, அதனால மறுநாளே எடுத்துட்டேன்."

மாமியார் "ம்" என்றார்.

பதினொன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் பழம்பொருள் கடைக்குக் கிளம்பினார். திருட்டுப் பொருள் விற்பனைக்கு வந்தால் தகவல் சொல்லச் சொல்வது வழக்கம். மாமியாரும் கூடவே போனார். வரைபடத்தில் இருந்த கட்டைவிரல் அகலப் படத்தை அச்செடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"பாவிப் பசங்க," என்று கடைக்காரர் உச்சுக் கொட்டினார்.

"கல்லை நேர்ல பாத்திருக்கீங்களா?" என்றார் மாமியார்.

"இல்லைம்மா. இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்."

"இணையத்துல படம் இருக்கே, அது?"

"எனக்குக் கம்ப்யூட்டர் எங்க தெரியும்? இதோ சார் காட்டறதுதான். கவலைப்படாதீங்க, பறவை செதுக்கினது, அலகு நுனியில சில்லு பெயர்ந்தது. வந்தா விட மாட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும். மாமியார் அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்தார். "அலகு எது, காட்டுங்க."

அந்தச் சின்னப் படத்தில் பறவையே ஒரு கறை மாதிரிதான் இருந்தது. கடைக்காரரின் விரல் தாளுக்கு மேலே அலைந்தது.

"குத்துமதிப்பாச் சொன்னேன்."

"நுனி உடைஞ்சதுமா குத்துமதிப்பு? அது தெரியணும்னா கல்லைப் பாத்திருக்கணும், இல்லை பெரிய படத்தைப் பாத்திருக்கணும். ரெண்டும் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "படத்தை எங்க எடுத்தோங்கற தகவல் படத்துக்குள்ளேயே மறைஞ்சிருக்கும் சார். பொய்யான விபத்துப் படத்தை நாங்க அதை வச்சுத்தான் பிடிப்போம். என் மருமக சின்னதாக்கும்போது அது அழிஞ்சுடும், அசல்ல அப்படியே இருக்கும். ஆனா அது கேமரா நின்ன இடம், கல் நின்ன இடம் இல்லை. அதான் இவர் மறுகரையில புதரை வெட்டித் தேடியிருக்கார். தலை நிமிர்ந்தப்பதான் கல் எதிர்ல தெரிஞ்சிருக்கு. என் மருமக திருடியிருந்தா நேராக் கல்லுக்கே போயிருப்பா. வரலாற்றுப் பித்தன் இவர்தான்."

கடையின் பின்கட்டில் சாக்குகளுக்கு அடியில் கல் கிடைத்தது.

மாலையில் அது காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. இயக்குநர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "வரைபடத்தை மூட வேண்டாம்னுட்டாங்கம்மா."

மருமகள் நகரவில்லை. "சார், அசல் படத்தைப் போட்டது என் தப்பு. அதுல இடம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. மத்த படம் எல்லாத்தையும் பாத்துட்டேன், எதுலயும் இல்லை."

இயக்குநர் கல்லிலிருந்து கையை எடுத்தார். "இனிமே அசல் படம் யார் கண்ணுலயும் படாதபடி பண்ணிடு. நாளைக்குக் காலையில அதான் முதல் வேலை."

வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். "சொல்லிட்டியா? என்ன சொன்னார்?"

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்றார் அத்தை."

"அப்பாடா." மாமியார் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "காலையிலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலைஞ்சேன்மா. ஒரு வாய் தண்ணி இறங்கலை."

மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.